“நல்லா மெல்ல முடியுதா?”: ஒரு கேள்வியோட வரலாறு

போன எபிசோட்ல கண்ணாடி பவர் எப்படி அளக்க ஆரம்பிச்சாங்கன்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர், “பல்லுக்கு இந்த மாதிரி ஏதாவது நம்பர் இருக்கா?”ன்னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் தேடப் போனா, அது ராணுவத்துல ஆரம்பிச்சு, நிலக்கடலை, சல்லடை வழியா எங்கெங்கேயோ கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

முதல்ல ராணுவம். 1940-ல அமெரிக்கா கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. இளைஞர்களை வரிசையில நிக்க வச்சு உயரம், எடை, கண், காது எல்லாம் பார்த்தாங்க. பல்லுக்கும் ஒரு விதி இருந்தது. மேல மூணு, கீழ மூணுன்னு ஒண்ணோட ஒண்ணு பொருந்துற கடைவாய்ப் பற்கள் இருக்கணும். அதே மாதிரி முன்பற்களும் மேல மூணு, கீழ மூணு. மொத்தம் 12 பல். இது ரொம்பத் தாராளமான விதின்னுதான் அதிகாரிகள் நினைச்சிருப்பாங்க. ஆனா முதல் 20 லட்சம் பேரைப் பரிசோதிச்சுப் பார்த்தப்போ, ஆட்களைத் திருப்பி அனுப்பினதுக்கான காரணங்கள்ல பல்தான் முதலிடத்துல இருந்தது. பொருளாதார மந்தநிலையில வளர்ந்த தலைமுறை அது. பல் வலிச்சா பிடுங்கிப் போட்டதோட சரி. போர் தீவிரமாக, ஆள் தேவைப்பட, 1942-ல விதியைத் தளர்த்தினாங்க. பொக்கை வாயா இருந்தாலும் பல்செட் வச்சுச் சரி பண்ண முடியும்னா வரலாம்னு ஆச்சு.

இதுல ஒண்ணைக் கவனிங்க. 1941-ல “இவனால ராணுவச் சாப்பாடு சாப்பிட முடியாது”ன்னு திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தன், 1942-ல “முடியும்”னு உள்ளே எடுக்கப்பட்டிருக்கலாம். அவன் வாய் மாறவே இல்லை. மாறினது விதி மட்டும்தான். அவன்கிட்ட “உன்னால என்ன சாப்பிட முடியுது?”ன்னு கேக்குறது அந்த விதியில எங்கேயும் இல்லை. பல்லை எண்ணினாங்க. எண்ணுறது சுலபம், யாரு எண்ணினாலும் ஒரே விடை வரும், தகராறு கிடையாது. அளக்க வேண்டியதை விட்டுட்டு அளக்க முடிஞ்சதை அளக்கிறது எங்க ஆபீஸ்லயும் தினமும் நடக்குது. கோடு எத்தனை வரி எழுதினேன்னு பார்த்து வேலையை எடை போடுற மேனேஜர் மாதிரி.

எண்ணிக்கையோட பிரச்சினை என்னன்னா, பல் தனியா மெல்லாது. மேல ஒரு கடைவாய்ப்பல் இருந்து, அதுக்கு நேர் கீழ ஒண்ணும் இல்லைன்னா, அது அம்மி இல்லாத குழவி. மேல 14 பல்லும் இருந்து, கீழ ஒண்ணுமே இல்லாத ஒருத்தரும், மேல ஏழு கீழ ஏழுன்னு பொருந்தி இருக்கிற ஒருத்தரும் எண்ணிக்கையில சமம். சாப்பாட்டு மேஜையில சமம் இல்லை. ராணுவ விதி “பொருந்துற” பல்லைக் கேட்ட வரைக்கும் புத்திசாலித்தனமான விதிதான்.

சரி, எண்ணாம நேரடியாவே அளந்துட்டா? அதுக்குத்தான் சல்லடை வருது.

மென்ன உணவைத் துப்பச் சொல்லி, அதைச் சலிச்சு, எவ்வளவு பொடியா இருக்குன்னு பார்க்கிற யோசனை ரொம்பப் பழசு. 1901-லயே கவுடென்ஸ்னு ஒருத்தர் ஜெர்மன் மொழியில இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கார். 1930-கள்ல சோவியத் யூனியன்ல கெல்மன் பாதாம்பருப்பை மெல்ல வச்சார். 1942-ல ஸ்வீடன்ல டால்பெர்க் கெட்டிப்படுத்தின ஜெலட்டின் பயன்படுத்தினார். ஆனா இதை ஒரு ஒழுங்கான முறையா எல்லாரும் கையாள ஆரம்பிச்சது 1950-க்கு அப்புறம். பாஸ்டன்ல இருக்கிற டஃப்ட்ஸ் பல் மருத்துவக் கல்லூரியில மேன்லி, பிரேலின்னு ரெண்டு பேர் நிலக்கடலையை எடுத்துக்கிட்டாங்க. அளந்து கொடுத்த கடலையை, எண்ணிச் சொன்ன தடவை மெல்லணும். விழுங்கக்கூடாது. துப்பணும். வாயைக் கொப்பளிச்சு அதையும் சேர்த்துத் துப்பணும். எல்லாத்தையும் தண்ணி ஊத்திச் சல்லடையில கழுவி, சல்லடைக்குக் கீழ போனது எவ்வளவு, மேல தங்கினது எவ்வளவுன்னு அளந்தாங்க. கீழ போனது மொத்தத்துல எத்தனை சதவீதமோ, அதுதான் உங்க மெல்லும் மதிப்பெண்.

கேக்க அருவருப்பா இருக்கலாம். ஆனா எனக்கு இந்தப் பரிசோதனை ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்புட் தெரியும், அவுட்புட் தெரியும், நடுவுல இருக்கிற கருப்புப் பெட்டி மனுஷ வாய். யாரோட அபிப்பிராயமும் இதுல நுழைய வழியே இல்லை.

இந்த முறையை வச்சு 1964-ல கபூர், சோமன் ரெண்டு பேரும் முழு பல்செட் போட்டவங்களை ஆராய்ஞ்சாங்க. முடிவு கொஞ்சம் அதிர்ச்சிதான். இயற்கைப் பற்கள் உள்ளவங்களோட ஒப்பிட்டா, பல்செட் காரங்களோட மெல்லும் திறன் ஆறுல ஒரு பங்குகூட இல்லை. அதாவது, உங்க வாய்ல ஒரு கடிக்கு ஆகிற வேலைக்கு அவங்க ஆறு தடவைக்கு மேல மெல்லணும். இத்தனைக்கும் அது ஒழுங்காப் பொருந்தின பல்செட்!

இங்கதான் கதை சூடு பிடிக்குது. அதே மாதிரி ஆட்கள்கிட்ட போய் “நல்லா மெல்ல முடியுதா?”ன்னு கேட்டா, நிறையப் பேர் “ஓ, முடியுதே!”ங்கிறாங்க. சல்லடை ஃபெயில் போடுது, ஆளு பாஸ்ங்கிறார். இந்த இடைவெளி ஏதோ ஒரு ஆய்வுல தப்பித் தவறி வந்தது இல்லை. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சும், வேற வேற நாடுகள்லயும், திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருந்தது. அதனால ஆய்வாளர்கள் ரெண்டுக்கும் வேற வேற பேரே வச்சுட்டாங்க. ஆய்வகத்துல அளக்கிறது மெல்லும் செயல்திறன். ஆள் தன்னைப் பத்தித் தானே சொல்றது மெல்லும் ஆற்றல். ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணைக் கணிச்சுடலாம்னு நம்ப முடியாதுங்கிறது 1980-கள்லயே பொதுவான கருத்தா ஆயிடுச்சு.

ஏன் இப்படி? ஜனங்க பொய் சொல்றாங்களா? இல்லை. முதல் விஷயம், பல் குறைஞ்சவங்க ஒரு வாய் உணவை நம்ம அளவுக்குப் பொடி பண்ணி விழுங்குறதில்லை. கொஞ்சம் கூடுதலா மெல்லுவாங்க, ஆனா அதுக்கப்புறமும் பெரிய துண்டாவே விழுங்கிடுவாங்க. அவங்களுக்கு அது “மென்னு முடிச்சாச்சு”. ரெண்டாவது, ஒப்பீடு. நேத்து வரைக்கும் ஈறுல வலி, இன்னிக்குப் பல்செட் வந்து வலி இல்லைன்னா, அவருக்கு இது சொர்க்கம். அவர் தன்னை 20 வயசுப் பையனோட ஒப்பிடலை, போன மாசத்துத் தன்னோட ஒப்பிடுறார். மூணாவதுதான் நைசான விஷயம். முடியாததை ஜனங்க சத்தமில்லாம தட்டுல இருந்து எடுத்துடுறாங்க. ஆப்பிளை நறுக்கிடுவாங்க, கேரட்டை வேக வச்சுடுவாங்க, அப்புறம் கேரட்டையே விட்டுடுவாங்க. மிச்சம் இருக்கிறதை எல்லாம் நல்லாவே மெல்ல முடியும்தானே?

நம்ம ஊர்ல வெத்தலை பாக்கு இடிக்கிற சின்ன இரும்பு உரல் பார்த்திருப்பீங்க. பல் போன பாட்டி அதுல “டொக் டொக்”னு இடிச்சு, வாயில போட்டுக்குவாங்க. அவங்ககிட்ட “பாட்டி, வெத்தலை போட முடியுதா?”ன்னு கேளுங்க. “ஏன் முடியாம? தினம் நாலு வேளை போடறேனே!”ம்பாங்க. பொய்யே இல்லை. பல் செய்ய வேண்டிய வேலை உரலுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

இதுல நஷ்டம் என்னன்னா, தட்டுல இருந்து போறது பெரும்பாலும் காய்கறி, பழம், நார்ச்சத்து. 1996-ல வெளியான ஜோஷிபுராவும் சக ஆய்வாளர்களும் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. அதுல கலந்துக்கிட்டவங்க அமெரிக்காவுல மருத்துவத்துறைத் தொழில்ல இருந்த ஆண்கள். படிச்சவங்க, வசதியானவங்க, எது சத்துன்னு தெரிஞ்சவங்க. அவங்கள்லயே, பல் இல்லாதவங்க காய்கறியும் நார்ச்சத்தும் குறைவாச் சாப்பிட்டாங்க. அப்போ “நல்லா மெல்றேன்”ங்கிற பதிலை அப்படியே ஏத்துக்கிட்டா, உடம்புல நடக்கிற ஒண்ணு நம்ம கண்ணுக்குத் தெரியாமலே போயிடும். அதுக்காக ஆளோட வார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டுச் சல்லடையை மட்டும் நம்பினா? தினமும் அந்த வாயோட வாழுறது அவர்தான். நிலக்கடலை மதிப்பெண் கம்மிங்கிறதுக்காக, சந்தோஷமாச் சாப்பிடுறவர் வாய்ல ஆயிரக்கணக்குல செலவு பண்ணிப் பல் கட்டணுமா? இன்னொரு சிக்கல், ஊர் முழுக்கப் பத்தாயிரம் பேரைத் துப்ப வச்சுச் சலிக்க முடியாது. கணக்கெடுப்புன்னா கேட்டுத்தான் ஆகணும். அதனால கேள்வியைச் சரி பண்ண வேண்டியதாச்சு.

இங்க மறுபடியும் அமெரிக்க ராணுவம் வருது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராணுவத்துக்குள்ள சமூகவியல் ஆய்வுப் பிரிவு ஒண்ணு இருந்தது. வீரர்களோட மனநிலையை அளக்குறது அதோட வேலை. அதோட சேர்ந்து வேலை செஞ்சவர் லூயி கட்மன். அவங்க ஆராய்ஞ்சதுல ஒண்ணு, சண்டை நடக்கும்போது வர்ற பய அறிகுறிகள். நெஞ்சு படபடக்குறதுல ஆரம்பிச்சு, கால்சட்டையிலேயே போயிடுறது வரைக்கும் ஒரு பட்டியல். பயத்துல கால்சட்டை நனைஞ்சவனுக்கு நெஞ்சு கண்டிப்பாப் படபடத்திருக்கும். ஆனா நெஞ்சு படபடத்தவனுக்கு எல்லாம் கால்சட்டை நனையாது. அதாவது கேள்விகளுக்கு ஒரு படிக்கட்டு வரிசை இருக்கு. மேல் படியில நிக்கிறவன் கீழ்ப் படிகளை எல்லாம் தாண்டித்தான் வந்திருக்கணும். 1944-ல கட்மன் இதை ஒரு முறையாவே எழுதி வெளியிட்டார். உங்க கேள்விகள் உண்மையிலேயே படிக்கட்டா இருக்கான்னு சரிபார்க்கவும் ஒரு வழி கொடுத்தார். ஒருத்தரோட மொத்த மதிப்பெண்ணை மட்டும் வச்சு, அவர் எந்தெந்தக் கேள்விக்கு ஆமான்னு சொன்னார்னு திருப்பிச் சொல்ல முடியணும். குறைஞ்சது 90 சதவீதம் சரியா வரணும். கம்ப்ரெஷன் பத்திப் படிச்சவங்களுக்கு இது பழக்கமான வாசனையா இருக்கும். ஒரே ஒரு எண்ணுல இருந்து முழு விடைத்தாளையும் திரும்ப எடுக்குறது!

1990-ல கனடாவுல டொரண்டோ பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் லீக் இந்தப் படிக்கட்டைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். “நல்லா மெல்ல முடியுதா?”ங்கிற மொட்டைக் கேள்வியைத் தூக்கிட்டு, அஞ்சே அஞ்சு உணவு. வேகவச்ச காய்கறி. லெட்டூஸ் இலை சாலட். ஸ்டேக் மாதிரி கெட்டியான கறி. பச்சைக் கேரட். கடைசியில முழு ஆப்பிளை நறுக்காம, அப்படியே கடிச்சு எடுத்து மெல்றது. ஒவ்வொண்ணுக்கும் முடியும், முடியாது. முழு ஆப்பிளைக் கடிக்கிறவர் வேகவச்ச பீன்ஸை மெல்லாம இருக்க மாட்டார்.

“முழு ஆப்பிள்”ங்கிற வார்த்தையில இருக்கிற வேலையைக் கவனிங்க. வெறும் ஆப்பிள்னு கேட்டிருந்தா, நறுக்கிச் சாப்பிடுறவரும் “முடியும்”னுதான் சொல்லியிருப்பார். பாட்டியோட உரலைக் கேள்விக்கு வெளியே நிறுத்தின வார்த்தை அது. அபிப்பிராயம் கேக்குறதுக்கும் ஒரு செயலைச் சொல்லிக் கேக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆனா இந்தப் பட்டியல் கனடாவுக்கு. லெட்டூஸும் ஸ்டேக்கும் ஊர்ப் பக்கம் யாருக்குத் தெரியும்? உணவை வச்சு அளந்தா, ஊருக்கு ஊர் அளவுகோலையே மாத்தணும். இதைத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை வச்சே செஞ்சவங்கன்னா ஜப்பான்காரங்கதான். 1988-ல ஹிராயும் அவர் குழுவும் முழு பல்செட் போட்டவங்களுக்காக 35 உணவுகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரிச்சாங்க. மெல்ற கஷ்டத்தை வச்சு அஞ்சு குழுவாப் பிரிச்சாங்க. கஷ்டமான குழுவுக்கு மதிப்பெண்ல எடை அதிகம். ஆனா நான் இந்த எபிசோடையே பண்ணணும்னு முடிவு பண்ணினது அந்தப் படிவத்துல இருக்கிற பதில்களைப் பார்த்துத்தான்.

சுலபமாச் சாப்பிட முடியும்னா 2. கஷ்டப்பட்டுச் சாப்பிட முடியும்னா 1. முடியாதுன்னா 0. இது வரைக்கும் சாதாரணம். அதுக்கப்புறம் ரெண்டு குறி இருக்கு. பிடிக்காது, அதனால சாப்பிடுறதில்லைன்னா ஒரு முக்கோணம். பல்செட் போட்டதுக்கு அப்புறம் சாப்பிட்டுப் பார்த்ததே இல்லைன்னா ஒரு சதுரம்.

டேட்டாபேஸ்ல வேலை பார்த்த யாருக்கும் இது என்னன்னு உடனே புரியும். பூஜ்யம் வேற, நல் வேற. “முடியாது” ஒரு தகவல். “தெரியாது” இன்னொரு தகவல். ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா கணக்கே கெட்டுடும். மாட்டுக்கறி சாப்பிடாத ஒருத்தருக்கு ஸ்டேக் கேள்வியில பூஜ்யம் போட்டா, அவர் பல்லுக்கு மார்க் குறையுது, காரணம் அவர் வளர்ந்த விதம். அதைவிட அந்தச் சதுரம் ரொம்ப நுட்பம். பல்செட் போட்டு மூணு வருஷமாச்சு, ஒரு ஆப்பிளைக்கூடக் கடிச்சுப் பார்க்கலைன்னா, அது பல்லைப் பத்தின தகவலா, பயத்தைப் பத்தின தகவலா? படிவம் தீர்ப்பு சொல்லலை. தனியாக் குறிச்சு வச்சுக்கோன்னு மட்டும் சொல்லுது. 1988-ல, காகிதப் படிவத்துல, பல் மருத்துவர்கள் யோசிச்சிருக்காங்க. நாங்க இன்னிக்கும் ப்ரொடக்‌ஷன்ல நல்லைப் பூஜ்யமாக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்கார்ந்திருக்கோம்.

பல் எண்ணிக்கைக் கட்சியும் சும்மா இருக்கலை. நெதர்லாந்துல நைமேகன்ல ஆர்ன்ட் கைசர் 1981-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். பின்னாடி கடைவாய்ப் பற்கள் போன 118 பேரைப் பார்த்துட்டு, ரெண்டு பக்கமும் சமமா நாலு பொருந்துற ஜோடி மிச்சம் இருந்தா வாய் சமாளிச்சுக்கும்னார். போன கடைவாய்ப் பல்லை எல்லாம் கட்டாயம் கட்டியே ஆகணும்னு நினைச்சிட்டிருந்த தொழிலுக்கு இது பெரிய இடி. 1992-ல உலக சுகாதார நிறுவனத்து அறிக்கை, ஆயுள் முழுக்க 20 பல்லாவது செயற்கைப் பல் தேவையில்லாம நிலைச்சிருக்கிறதை இலக்கா வச்சது. அதுக்கு முன்னாடியே 1989-ல ஜப்பான் 8020 இயக்கத்தை ஆரம்பிச்சுடுச்சு. 80 வயசுல 20 பல். ஆரம்பிச்சப்போ 10 சதவீதம் பேர்கூடத் தேறலை. 2016 கணக்கெடுப்புல 51.2 சதவீதம். அந்த 20-ங்கிற எண் எங்கிருந்து வந்ததுன்னா, எத்தனை பல் இருக்கிறவங்க எதையெல்லாம் சாப்பிட முடியுதுன்னு சொல்றாங்கங்கிற ஒப்பீட்டுல இருந்துதான். கடைசியில எண்ணிக்கையும் கேள்விக்குத்தான் கடன்பட்டிருக்கு.

கேள்வி தொலைஞ்சு போன ஒரு கதையும் இருக்கு. 1994-ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல ஸ்லேடு, ஸ்பென்சர்னு ரெண்டு பேர் வாய் நலம் வாழ்க்கையை எப்படிப் பாதிக்குதுன்னு அளக்க 49 கேள்விகள் போட்டாங்க. முதல் கேள்வியே மெல்றதுல சிரமம் இருக்காங்கிறதுதான். 49 ரொம்ப நீளம்னு 1997-ல ஸ்லேடு அதை 14-ஆ சுருக்கினார். பல்செட் காரங்களுக்கு மட்டும் பொருந்துற கேள்விகளை ஒதுக்கிட்டு, மத்ததைப் புள்ளியியல் முறையில வடிகட்டினார். உலகம் முழுக்க ஓடுறது அந்த 14-தான். அதுல சாப்பிடும்போது அசௌகரியம் இருக்கான்னு கேள்வி உண்டு. மெல்றதுல சிரமமாங்கிற கேள்வி இல்லை! பொது மக்கள்கிட்ட எடுத்த டேட்டாவுல நல்லாத் தேறின வடிகட்டல், பல்லே இல்லாதவங்களுக்கு முக்கியமானதை வெளியே தள்ளிடுச்சு. 2002-ல ஆலன், லாக்கர் ரெண்டு பேரும் பல் இல்லாதவங்களுக்குன்னே 19 கேள்வி கொண்ட தனி வடிவம் தயாரிச்சு, அதை உள்ளே கொண்டுவந்தாங்க. என்னைக் கேட்டா, கருவி தப்பு இல்லை, அதைக் கண்ணை மூடிக்கிட்டு எல்லார் மேலயும் ஓட்டினதுதான் தப்பு.

இப்போ ஜப்பான்ல நிலைமை எப்படி? 2006-ல இருந்து முதியோருக்கான 25 கேள்விப் பட்டியல் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு கேள்வி: ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்போ கெட்டியான பொருள் சாப்பிடக் கஷ்டமா இருக்கா? ஒருத்தர் தன்னைத் தன்னோடவே ஒப்பிடுவார்னு தெரியும்ல? அந்தப் பழக்கத்தையே கேள்வியா மாத்திட்டாங்க. 2020-ல 75 வயசு தாண்டினவங்களுக்குன்னு வந்த புதுப் படிவத்துலயும் இதே கேள்வி இருக்கு, கூடவே ஒரு சின்னக் குறிப்பு: உதாரணம், காய்ஞ்ச கணவாய்த் துணுக்கு, முள்ளங்கி ஊறுகாய். நம்ம ஊர்ல இதை எழுதுறதா இருந்தா முறுக்கு, சீடைன்னு போடணும், கரும்பை அப்படியே கடிச்சு உரிக்க முடியுதான்னு கேக்கணும்.

சல்லடையும் போயிடலை, நாகரிகமா ஆயிடுச்சு. 2018 ஏப்ரல்ல இருந்து ஜப்பான்ல வாய்ச் செயல்பாடு குறையுறது காப்பீட்டுல வர்ற ஒரு நோய். பல் மருத்துவர் 2 கிராம் கம்மி மிட்டாய் கொடுப்பார். 20 வினாடி மெல்லணும். அப்புறம் 10 மில்லி தண்ணியை வாயில வச்சுத் துப்பணும். எவ்வளவு நல்லா மென்னீங்களோ அவ்வளவு குளுக்கோஸ் அந்தத் தண்ணியில கரைஞ்சிருக்கும். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா மெல்லும் திறன் குறைஞ்சிருக்குன்னு எழுதுவாங்க. சர்க்கரை நோய்க்கு விரல்ல ரத்தம் குத்திப் பார்க்கிற மெஷினோட சொந்தக்காரன் மாதிரி ஒரு சின்னக் கருவி. நிலக்கடலையும் வேண்டாம், சலிக்கவும் வேண்டாம்.

அந்த நோய்க்கு மொத்தம் ஏழு சோதனை. மூணுல தவறினா நோய் உறுதி. மெல்றதைக் கம்மி மிட்டாய் அளக்குது. நாக்கோட அழுத்தத்தை ஒரு சின்ன பலூன் அளக்குது. விழுங்குறதுக்கு மட்டும் ஒரு கேள்வித்தாளை நீட்டுறாங்க.